செவிமடுப்பு மையத்தின் முதல் வெற்றி

மனிதனுக்கு மனிதன் காது கொடுத்தால் உலகத் துன்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பது நம் சமூகப்பணிப் பேராசிரியரின் கொள்கை. மீதிப் பாதிக்கு அவர் இன்னும் நிதி கேட்டு விண்ணப்பிக்கவில்லை.

வீட்டிலும் அவருக்கு அதே தொண்டுதான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தனிமையில் வாடுவோரின் பேட்டிகளைக் கேட்டபடியே இருப்பார். மனைவி வாயைத் திறந்தால் ஒரு விரல் உயரும்.

"கொஞ்சம் இரும்மா, இங்க ஒருத்தர் அழுதுட்டு இருக்கார்."

அந்த அம்மாள் இரண்டு மாதமாக ஒரே செய்தியைச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இதற்கிடையே கல்லூரியில் 'குடும்பச் செவிமடுப்பு மையம்' மங்களகரமாகத் திறக்கப்பட்டது. சாய்வாகப் போட்ட இரண்டு நாற்காலி, கண் துடைக்கக் காகிதம், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் உள்ளே நடப்பது தெரியும். உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் மட்டும் தெரியும். எல்லாம் இருந்தது, ஆள்தான் வரவில்லை. பேராசிரியர் ஈ ஓட்டினார்.

"ஒரு வெற்றியாவது காட்டுங்க சார்," என்றார் டீன். "இல்லேன்னா துறைத்தலைவர் பதவி மேலாண்மைத் துறைக்காரருக்குப் போயிடும்."

மறுநாளே ஒரு பெண்மணி வந்தாள். பேராசிரியரின் மனைவி.

"சொந்தக்காரங்களைப் பார்க்கறது விதிப்படி கூடாதே!" என்று பதறினார் வாசல் குமாஸ்தா.

பேராசிரியர் யோசித்தார். கண்ணாடிக்குப் பின்னால் டீனும் மாணவர்களும் காத்திருந்தார்கள். "இந்த அறைக்குள்ள நீங்க என் மனைவி இல்ல, பயனாளி," என்று தீர்ப்புச் சொன்னார்.

"வீட்லயும் அப்படித்தானே," என்று அவள் உட்கார்ந்தாள்.

செவிமடுப்பின் முதல் விதி, பயனாளி சொன்னதையே பரிவோடு திருப்பிச் சொல்வது.

"எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு."

"வேலை கிடைச்சிருக்குன்னு உணர்றீங்க."

"இன்னைக்கே கிளம்பறேன்."

"கிளம்பணும்னு உங்களுக்குத் தோணுது."

"தோணலைங்க. டாக்ஸி கீழே நிக்குது."

"டாக்ஸி நிக்கிற மாதிரி ஓர் உணர்வு."

அவள் குரல் தழுதழுத்தது. "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பெட்டியை வீட்டுக்குத் திருப்பிடறேன்."

இருபது வருஷத் துணை அல்லவா! அந்த வார்த்தை பேராசிரியரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இரண்டாம் விதி, பயனாளிக்கு யோசனை சொல்லக் கூடாது. கண்ணாடியைப் பார்த்தார், தன் முகம் மிகவும் பரிவாக இருப்பது தெரிந்தது.

"முடிவு உங்களுடையது," என்றார்.

அவள் எழுந்து போனாள். டாக்ஸியும் போனது. கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டல் அதிர்ந்தது. ஒரே அமர்வில் ஒரு பயனாளி சுயமாக முடிவெடுத்தது துறை வரலாற்றில் அதுவே முதல் முறை என்று டீன் அறிவித்தார். பதவி கிடைத்தது. ஊரெங்கும் அலுவலகங்களில் கண்ணாடி அறை வைப்பது நாகரிகமாயிற்று.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், "எனக்குப் பதவி கிடைச்சிருச்சும்மா," என்று கூப்பிட்டார். இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறையும் சொன்னார்.

ஒரு வாரம் பொறுத்தார். பிறகு தானே மையத்துக்குப் போனார், பயனாளியாக. அவர் பயிற்றுவித்த மாணவி எதிரே உட்கார்ந்தாள்.

"அவ போயிட்டா. வீடே காலியா இருக்கு."

"காலியா இருக்கிற மாதிரி உணர்றீங்க."

"உணரலம்மா, நிஜமாவே காலி!"

"நிஜமாவே காலின்னு உங்களுக்குத் தோணுது."

அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. வெளியே வந்தால், பெஞ்சில் தன் முறைக்காக டீன் காத்திருந்தார், பக்கத்தில் குமாஸ்தா.

டீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார். "சார், வீட்ல நிலைமை சரியில்ல. உள்ள நாம சொல்றதை யாராவது கேப்பாங்களா?"

பேராசிரியர் பரிவோடு தலையசைத்தார்.

"யாராவது கேக்கணும்னு உங்களுக்குத் தோணுது."