ஐந்து கப்புக்கு ஓர் அலமாரி

“இன்னும் பதினெட்டு நாள்ல பரீட்சை! ரூமுக்குள்ள ரம்பம் போட்டா நான் எப்படிப்பா படிக்கறது?”

“கத்தாதே! அஞ்சு கப்பு வாங்கின பிள்ளைக்கு ஒரு அலமாரிகூட செய்யலேன்னா தெருவுல நாலு பேர் என்னை என்ன கேப்பாங்க?”

“அலமாரியே வேணாம்ப்பா!”

“தன்னடக்கம் வேற! பார்த்தீங்களா தச்சரே?”

தச்சர் பார்த்தார். வாயில் நான்கு ஆணி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். எதிர் வரிசையில் மூன்று சன்னல்கள் திறந்துகொண்டன.

வினை ஆரம்பித்தது முந்தின நாள் காலையில். தெரு முழுக்க ஒட்டடைக்குச்சி என்று அழைக்கும் அந்தப் பிள்ளை, பொறியியல் கடைசி வருடம், மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். “எனக்கு ஏற்கெனவே அஞ்சு கப்புடா மச்சான்!” குளியலறையிலிருந்து தலையில் துண்டோடு வந்த அப்பாவின் காதில் அது விழுந்துவிட்டது.

கல்லூரிப் பிள்ளைகளின் பேச்சில் கப்பு என்றால் ஃபெயிலான பாடம். கடைசிப் பரீட்சையோடு அந்த ஐந்தையும் திரும்ப எழுதித் தேறினால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் வெளியூர்க் கம்பெனி ஒன்று தருவதாகச் சொல்லியிருந்த வேலை. இந்த விஷயம் வீட்டில் அவனுக்கு மட்டும் தெரியும். தெருவில் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். பூமிக்குள் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று மேலே நடந்துபோகும்போதே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் சொந்தப் பிள்ளையிடம் இப்படி ஏமாந்துவிட்டாரே என்று நாங்கள் அங்கலாய்த்தோம். கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம்.

“தம்பி, கப்பெல்லாம் எதெதுல வாங்கினது?” ஆணிகளைத் துப்பிவிட்டு தச்சர் கேட்டார். “தட்டுக்கு ஒரு பேர் எழுதணுமாம், சார் சொல்றாரு.”

அப்பா பக்கத்திலேயே நின்றார். ஒட்டடைக்குச்சிக்குப் பொய் வரவில்லை. பயத்தில் உண்மைதான் வந்தது. “கணக்கு... வெப்பவியல்... பாய்மவியல்... இயந்திரவியல்... மின்னியல்...”

தச்சர் ஐந்தையும் தங்க நிறப் பெயின்டில், யாரையும் கேட்காமல், ஒரு பிழை இல்லாமல் எழுதினார். எங்களுக்கே அது ஆச்சரியம்தான்.

“ஆறாவது தட்டுக்கும் இடம் விடவா சார்?”

“வேணாம்!” என்று ஒட்டடைக்குச்சி அலறினான்.

மத்தியானம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். “கப்பெல்லாம் காலேஜ்லதானே இருக்கு? பிரின்சிபால் கையாலயே வாங்கிட்டு வந்துடறேன்.”

“ஐயோ, வேணாம்ப்பா! அது... சுழற்கோப்பை! எல்லாம் சுழற்கோப்பை! கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடணும். அதுவரைக்கும் அங்கயே பூட்டி வெச்சிருப்பாங்க.”

தப்பித்தோம் என்று அவன் மூச்சு விடுவதற்குள் அப்பா சட்டையைக் கழற்றினார். “அப்போ கப்பைப் பார்க்க முடியாது. வாங்கினவனையாவது நாலு பேர் வந்து பார்க்கட்டும்.”

“எத்தனை பேருக்கு நான் காப்பி போடறது?” என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து ஆள் வரத் தொடங்கியது. தையல்காரரின் மனைவி மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். “நல்லா பாருடி, அஞ்சு கப்பு வாங்கின அண்ணன் எப்படிப் படிக்குதுன்னு!” மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அவன் போனை எடுத்தால் வாசலில் யாராவது இருமினார்கள். படுத்தால், “உடம்புக்கு என்ன?” என்று விசாரித்தார்கள். வேறு வழியில்லாமல் புத்தகத்தைத் திறந்தான்.

முதல் வாரம் நாங்கள் வேடிக்கை பார்க்கத்தான் போனோம், மறைக்க என்ன இருக்கிறது. பத்தாவது நாள் சிரிப்பு நின்றுபோனது. தாள் தீர்ந்துபோய், ஒட்டடைக்குச்சி அலமாரியின் திறந்திருந்த கண்ணாடிக் கதவில் மையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை எண்களும் கோடுகளும் கொடி மாதிரி இறங்கின. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலில் அந்த எழுத்தெல்லாம் அவன் சட்டைமேல் நிழலாக விழுந்து, அவன் அசைய அசைய அதுவும் அசைந்தது. நாங்கள் ஏழு பேர் வாசலில் நின்றோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“நம்ம ஒட்டடைக்குச்சியா இது?” என்று தையல்காரரின் மனைவி ரகசியமாகக் கேட்டாள்.

முடிவு வந்தது. பழைய ஐந்து, புதிய ஆறு, அத்தனையும் தேர்ச்சி.

அப்பா காலி அலமாரி முன்னால் நின்றார். “கப்பெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சா?”

“கொடுத்தாச்சுப்பா.”

“ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையே?”

“ஒண்ணுகூட இல்லப்பா.”

அப்பா துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். கணக்கையெல்லாம் பையன் எப்போதோ அழித்துவிட்டான், அதில் துடைக்க ஒன்றுமே இல்லை, இருந்தாலும் வெகுநேரம் துடைத்தார்.

பையன் வெளியூர் போனான். இரண்டு வருடத்தில், கம்பெனியில் அடுத்த மேசையில் வேலை பார்த்த பெண்ணையே கட்டிக்கொண்டான். புது வீட்டுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை, அந்த அலமாரியைத்தான் கேட்டான். கழற்றித் தர அதே தச்சர் வந்தார். வழியனுப்பும் சாக்கில் நாங்களும் போயிருந்தோம்.

பையன், அப்பா உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, மனைவியிடம் எல்லாக் கதையையும் சொல்லிச் சிரித்தான். “பாவம், கப்புன்னா என்னன்னு எங்கப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது!”

தச்சர் வாயிலிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, காலேஜ்ல உங்கப்பாவும் நானும் ஒரே பெஞ்சு, அவருக்கு ஏழு கப்பு, எனக்கு எட்டு. அவர் எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டார், நான்தான் இன்னும் வெச்சிருக்கேன்.”