டோல்கேட் அண்ணன் கேட்காத கேள்வி

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், டோல்கேட் அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் தப்பித்த உயிர் கிடையாது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக் கூண்டில் உட்கார்ந்திருந்தவர். வண்டிகளெல்லாம் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நிற்காமல் பறக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டார். கேட்காமல் மிஞ்சிய கேள்விகளோடு திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார்.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவி செல்வியைப் பார்க்க எனக்கு விசா வந்த அன்று, பால் பாக்கெட்டோடு வந்த என்னை மறித்தார். "யாருக்குப் பாலு? வீட்ல எத்தினி பேரு?"

அப்போதுதான் அந்த யோசனை பளிச்சிட்டது. அங்கே விமான நிலையத்தில் அதிகாரி கேள்வி கேட்பாராம். உளறினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாராம். கல்யாணமான ஒரே மாதத்தில் பறந்துபோனவள் செல்வி. அவ்வளவு தூரம் போய் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்புவதா? பயிற்சிக்கு இவரை விட்டால் ஆள் ஏது?

ஜன்னல் கம்பிக்கு உள்ளே அதிகாரியாக அவர். தெருவில், வெயிலில் நான்.

"எப்ப திரும்பிப் போவே?"

"பாக்கலாம்ணே."

"என்னாத்த பாக்கறது? இங்கியே தங்கிக்குவான்னு தொரத்திடுவான் வாத்தியாரே."

"வந்ததும் வராததுமா கெளம்பற நாளச் சொன்னா மரியாதையாண்ணே? அவங்களா அனுப்பும்போது போறதுதான மொற?"

"அவன் என்னா உன் மாமியாரா?"

அதோடு என் நிம்மதி போயிற்று. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் கேட்டார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்கு மேலாகக் கேட்டார். ஒரு சாவு வீட்டில், பாடை கிளம்பும் நேரம், காதோரம் வந்து, "எப்ப திரும்புவே?" என்றார்.

"லீவு முடியற ஞாயித்துக்கிழம" என்றது என் வாய். பக்கத்தில் நின்றவர் பிணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இதெல்லாம் ஒன்றுமில்லை. ஒருநாள் காலை, ஜன்னலுக்குள்ளிருந்து தெருவுக்கே கேட்கிற குரலில், "உன் பொண்டாட்டி கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பா?"

குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன, ஒருத்தியும் நகரவில்லை.

"என்னாண்ணே கேக்கறீங்க?"

"நெஜப் புருஷனான்னு பின்ன எப்டி கண்டுபுடிப்பான்? ஜல்தி சொல்லு."

"செவுத்துப் பக்கம்."

"பாவம், அங்க காத்தே வராதே" என்றாள் குழாயடியில் ஒருத்தி.

கடைசியில் டப்ளின் விமான நிலையத்தில் அந்த அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எப்போது திரும்புவாய்? கிளம்பும் நாளைச் சொன்னேன், டிக்கெட்டை நீட்டினேன். முத்திரை விழுந்தது. வெளியே ஓடினேன்.

செல்வி நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், "எத்தினி நாளு இருப்பீங்க?"

"லீவு முடியற ஞாயித்துக்கிழம கெளம்பிடுவேன். ரிட்டன் டிக்கெட்டு இருக்குது."

கையும் தானாகவே டிக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டியது. பிடித்திருந்த கையை அவள் விட்டுவிட்டாள்.

"இப்பிடியே திருப்பி ஏத்தி வுட்டுடட்டுமா?"



ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது அண்ணன் அதிர்ந்து போனார். முதல் தடவையாக அவரிடம் கேள்வி இல்லை. "அந்தப் பொண்ணு கேக்கும்னு நான் யோசிக்கவே இல்லியே வாத்தியாரே" என்றார்.

இந்த லீவுக்கு மறுபடி போகிறேன். நேற்று அவர் ஜன்னலுக்குள் உட்காரவில்லை. வெளியே வந்து எதிரே நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, செல்வியாகக் கேட்டார்.

"எத்தினி நாளு இருப்பீங்க?"

அப்போதுதான் உறைத்தது, அவர் வீட்டுக்கு யாரும் வந்து தங்கி நான் பார்த்ததில்லை. வாய்வரை வந்த ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிக்கொண்டேன். நாளைக்கு மறுபடி முயன்று பார்ப்பதாக இருக்கிறோம்.