காணாது மாஸ்டரின் உள்வீட்டுக்காரர்

மன்னார்த் தீவில் காணாது மாஸ்டரைவிட இடத்தைச் சிக்கனமாகச் செலவழித்த மனிதர் பிறந்ததில்லை. இனி ஒருவர் பிறந்தாலும் மாஸ்டர் அவருக்கு நிற்க இடம் கொடுக்கமாட்டார். போதாது என்பதை எங்கள் ஊரில் காணாது என்போம். அவரிடம் எதைக் கொண்டுபோனாலும் முதலில் வருவது "இடம் காணாது" என்ற பேச்சுதான். அதுவே பெயராகிவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய கம்பியூட்டர் கடைக்குள் ஒரு அலுமாரியைப் படுக்க வைத்தால் கதவு பூட்டாது. மாஸ்டரும் கம்பியூட்டரும் உள்ளே, வந்தவர்கள் இருக்கும் கதிரை பாதி தெருவிலே. தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார். நான் அப்போது பக்கத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. கடிதம் அச்செடுக்க அங்கேதான் போவேன்.

அந்தக் கம்பியூட்டரின் டிஸ்க் எப்போதும் கழுத்துவரை நிரம்பியிருக்கும். போரில் இடம்பெயர்ந்து அலைந்ததில் பட அல்பங்களைத் தொலைத்த சனம், திரும்பி வந்தபின் நடந்த கலியாணம், பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசை எல்லாவற்றின் வீடியோவிலும் ஒரு பிரதியை மாஸ்டரிடம் விட்டுவைத்தது. அவர் அவற்றில் ஒன்றையும் அழிக்கமாட்டார். அதற்குப் பதிலாகத் திரைப்படங்களை அழித்தார், கைபேசி மணிச்சத்தங்களை அழித்தார், சீட்டு விளையாட்டை அழித்தார். ஒருநாள் என் கடிதத்தையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பந்திக்குப் பந்தி ஏன் இவ்வளவு இடைவெளி? அதுவும் இடம் பிடிக்குமெல்லோ!"

"பெரிய டிஸ்க் ஒண்டு வாங்குங்கோவன் மாஸ்டர்."

"வாங்கலாம். பிறகு அதுவும் நிரம்பும். பிறகு?"

இப்படிப்பட்டவர் மூச்சுவிட இடமில்லாத அந்தக் கம்பியூட்டருக்குள் இன்னொரு கம்பியூட்டரைக் குடிவைத்தார் என்றால் நம்புவீர்களா? பழைய மென்பொருள் சில புதிய விண்டோசில் ஓடாது. ஆகவே திரையில் ஒரு பெட்டிக்குள்ளே பழைய விண்டோசைத் தனிக் கம்பியூட்டர் மாதிரி ஓடவிடுவது. அதற்கு வேர்ச்சுவல் மெஷின் என்று பெயர். மாஸ்டர் மரியாதையாக 'உள்வீட்டுக்காரர்' என்பார்.

"அவருக்கு இருவது ஜீபி எண்டு சொல்லி வச்சிருக்கிறன்" என்றார் குரலைத் தாழ்த்தி, ஏதோ அவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

"உண்மையா எவ்வளவு கிடக்கு?"

"மூண்டுகூட இல்லை. கேக்கக் கேக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுப்பம். நல்ல மனிசர், முழுசா ஒருநாளும் கேக்கமாட்டார்."

கேட்டார். சவிரி அண்ணை வந்த அன்று கேட்டார்.

சவிரி அண்ணை கீரிக் கடற்கரையில் மீன்கூடு போடுகிறவர். மற்றவர்கள் கடலடியில் கூட்டை இறக்கி மேலே மிதப்புக் கட்டி அடையாளம் வைப்பார்கள். மிதப்பைக் கள்ளனும் காண்பான் என்று இவர் ஒன்றும் கட்டுவதில்லை. கூடுகள் கிடக்கும் இடம் அவருக்கும் அவருடைய ஜீபிஎஸ் கருவிக்கும் மட்டுமே தெரியும். அந்தக் கருவி இப்போது சாகக் கிடந்தது.

"இது செத்தா என்ர கூடெல்லாம் கடலுக்குத்தான். பிறகு வெள்ளாங்குளத்தில போய் ஆரின்ரையோ வயலுக்க நிக்கவேண்டியதுதான். எனக்கு மண்வெட்டி பிடிக்கவும் தெரியாது மாஸ்டர்."

கருவிக்குள் இருக்கும் இடப்புள்ளிகளைக் கம்பியூட்டரில் இறக்க அதோடு வந்த சீடி வேண்டும்; அது பழைய விண்டோசில் மட்டுமே ஓடும்.

"பயப்பிடாதேங்கோ. உள்வீட்டுக்காரர் பாப்பார்."

"ஆனா ஆரும் திரையைப் பாக்கக்கூடாது."

"எனக்குக் கடலைக் கண்டாலே தலைசுத்திச் சத்தி வரும். நான் கூடு களவெடுக்கவோ?" என்றார் மாஸ்டர்.

"நீங்கள் எடுக்கமாட்டியள். கண் எடுக்கும், பிறகு வாய் குடுக்கும்" என்ற சவிரி அண்ணை, மாஸ்டர் பொத்தானை அமத்தியதும் தோளில் கிடந்த துவாயைத் திரைக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். நான் நல்ல பிள்ளையாகத் தெருவைப் பார்த்தேன்.

"முடிஞ்சுதே?"

"துவாயை எடுத்தாத்தானே தெரியும்."

"முடிஞ்சாத்தான் எடுப்பன்."

இப்படியே கனநேரம் போனது. கடைசியில் சவிரி அண்ணையின் இடுப்பில் செருகி, கம்பியூட்டரோடு வயரில் கோத்திருந்த கருவி ஒரு கீச்சுக் கீச்சிட்டு அணைந்தது. அவர் "ஐயோ மாதாவே" என்று கையை விட, துவாய் விழுந்தது. திரையில் உள்வீட்டுக்காரர் அசையாமல் நின்றார். டிஸ்க்கில் இடமில்லை, என்ன செய்ய என்று இவ்வளவு நேரமும் துவாய்க்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மாஸ்டருக்கு முகம் வெளிறியது. "வந்த புள்ளியெல்லாம் உள்வீட்டுக்காரற்ற தலைக்குள்ள கிடக்கு. எழுதி வைக்க இடமில்லாம நிக்கிறார். இடம் குடுத்தா எழும்புவார். கரண்ட் நிண்டா எல்லாம் போச்சு."

அன்று காலையிலிருந்தே கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"எதையாவது அழியுங்கோ மாஸ்டர்!" என்று சவிரி அண்ணை கத்தினார்.

"எதை? இது உங்கட தங்கச்சியின்ர கலியாணம். இது றஹீம் நானா வீட்டு நிக்காஹ். ஆரின்ரையை அழிக்க?"

மவுஸ் ஒவ்வொன்றின் மேலும் போய்ப் போய்த் திரும்பியது. பிறகு ஓரத்தில் ஒன்றின்மேல் நின்றது. மாஸ்டரின் சொந்தக் கலியாணம். பழைய கசெற்றிலிருந்து மாற்றி வைத்தது. கசெற் பூஞ்சணம் பிடித்து எறியப்பட்ட கதை எனக்குத் தெரியும்.

"மாஸ்டர், அக்கா கேட்டா?" என்றேன், அவர் மனைவியை நினைத்து.

"ஆள் முழுசா வீட்டில இருக்கிறா தானே தம்பி" என்று சொல்லி அடியோடு அழித்தார்.

உள்வீட்டுக்காரர் எழும்பினார். புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டன. சவிரி அண்ணை அவற்றைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, தெரு பார்க்க விக்கி விக்கி அழுதார். அக்கா ஒரு கிழமை மாஸ்டரோடு பேசவில்லை. பேச்சில்லாததால் வீட்டில் இடம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று அவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

புதிய கருவியோடு கடலுக்குப் போன சவிரி அண்ணைக்குக் கூடுகள் அத்தனையும் கிடைத்தன. திரும்பி வந்தவர் நேரே கடைக்கு வந்து பென் டிரைவை நீட்டினார்.

"இதில ஒரு பிரதி உங்களிட்டக் கிடக்கட்டும் மாஸ்டர். எனக்குக் கடலில ஏதும் நடந்தா மகனிட்டக் குடுங்கோ."

கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்லாத இடங்கள் அவை. மாஸ்டர் "இடம் காணாது" என்று சொல்லாமலே வாங்கி, கலியாணங்களுக்கு நடுவில் அதையும் பத்திரமாக வைத்தார். அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.