கடல் கடந்த தொண்டை நலத் திட்டம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. சிங்கம் இல்லாவிட்டால் கதையை யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்காக இருந்தது. மற்றபடி அதற்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்கு அப்பால் உள்ள தீவுகளுக்குத் தொண்டர்களை அனுப்பிவைக்கும். மரம் ஏறத் தெரியாத தீவுக்கு அணில் போகும். குழி தோண்டத் தெரியாத தீவுக்கு முள்ளம்பன்றி போகும். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. போன இடத்தில் நோய்நொடி வந்தால் வைத்தியத்தை மட்டும் காடு ஏற்றுக்கொள்ளும்.

இந்த வைத்திய விவகாரத்தை அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது பெரியநாயகி என்ற யானை. அதனிடம் படிவம் இல்லை, வரிசை எண் இல்லை. தீவிலிருந்து யாராவது போன் போட்டு "வயித்த வலிக்குது பெரியம்மா" என்றால், "போயி வைத்தியரப் பாரு, நான் சொன்னேன்னு சொல்லு" என்று பிளிறும். அவ்வளவுதான். போனவர்கள் குணமாகித் திரும்பினார்கள். இப்படி ஒழுங்காக நடக்கிற ஒரு காரியத்தை எந்த அரசாங்கமாவது விட்டுவைக்குமா?

"ராஜா, உருப்பட்ட காடெல்லாம் இந்த வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டாச்சு" என்றது மந்திரி மயில். "நாமதான் இன்னும் யானையைக் கட்டித் தீனி போட்டுட்டு இருக்கோம்."

டெண்டர் விட்டார்கள். அறிவிப்பைத் தேக்கு மரத்தில் செதுக்கும் வேலை மரங்கொத்திக்கு. 'கடல் கடந்த தொண்டர் நலத் திட்டம்' என்று செதுக்க வேண்டும். அன்று காலை மரங்கொத்தி அவசரமாக விழுங்கிய வண்டு ஒன்று அதன் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. மனசு எங்கே இருக்கிறதோ அலகும் அங்கேதானே போகும்? 'கடல் கடந்த தொண்டை நலத் திட்டம்' என்று கொத்திவிட்டது. சிங்கம் அடியில் பாதம் பதித்தது. மயில் பக்கத்தில் தோகையால் ஒற்றியது. இரண்டும் படிக்கவில்லை. படித்தது ஒரே ஒரு ஜீவன், உடும்பு.

தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்பதால் எல்லோரையும்விடக் குறைந்த தொகை கேட்டது உடும்பு. சிங்கத்துக்கு வாயெல்லாம் பல். ஐந்து மழைக்காலத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரியநாயகிக்கு ஒரு சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். சால்வை அதன் ஒரு காதுக்குக்கூடக் காணவில்லை.

அந்த ஆண்டு ஆட்டுத் தீவுக்குப் போனது பொற்கொடி என்ற புள்ளிமான். காட்டிலேயே வேகமாக ஓடக்கூடியது அதுதான். ஆட்டுத் தீவில் அதுவரை புலி கிடையாது. போன வெள்ளத்தில் ஒரு புலி கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்து வந்து கரையேறிவிட்டது. ஆடுகளுக்கு ஓடத் தெரியவில்லை. விருந்தாளி என்று நினைத்து, "வாங்க, வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டன. புலி உண்மையைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டது. அந்த ஆடுகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கத்தான் பொற்கொடி போயிருந்தது.

மூன்றாம் நாள் பாடத்தில், பள்ளம் தாண்டுவது எப்படி என்று தாண்டிக் காட்டும்போது பொற்கொடி பள்ளத்துக்குள் விழுந்தது. வலது முன்னங்கால் முறிந்தது. ஆடுகள் அதைத் தூக்கிக்கொண்டு தீவின் வைத்தியரான நாரையிடம் ஓடின.

"இருபது நாளைக்குள்ள கட்டுப் போடணும்" என்றது நாரை. "இல்லேன்னா எலும்பு கோணலா கூடிரும். அப்புறம் ஓட்டத்தை மறந்துர வேண்டியதுதான்."

"அப்ப போடுங்க டாக்டர்!"

"அனுமதி எண்?"

பொற்கொடி தன் குளம்புபேசியை எடுத்து உடும்பின் உதவி மையத்தைக் கூப்பிட்டது. 'தொண்டைக் கரகரப்புக்கு ஒன்றை மிதிக்கவும். தொண்டை வறட்சிக்கு இரண்டை மிதிக்கவும். இதர தொண்டைகளுக்குக் காத்திருக்கவும்' என்றது ஒரு குரல். பொற்கொடி காத்திருந்தது. மதியத்துக்கு மேல் ஒரு மைனா எடுத்தது.

"வணக்கம் மேடம், சொல்லுங்க. தொண்டைக்கு என்னாச்சு?"

"தொண்டைக்கு ஒண்ணும் ஆகலைம்மா. கால் ஒடஞ்சிருச்சு."

"சரிங்க மேடம். கால் ஒடஞ்சதுல தொண்டைக்கு என்னாச்சு?"

"அதான் ஒண்ணும் ஆகலைங்கறேனே! வலியில கத்திக் கத்தித் தொண்டைதான் கட்டிப்போச்சு!"

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றது மைனா, நிஜமான அக்கறையோடு. "ஒப்புதல் போட்டாச்சு."

ஐந்தாம் நாள் கப்பலில் மூன்று மூட்டை பனங்கற்கண்டும் ஒரு மூட்டை மிளகும் வந்து இறங்கின. கால் வீங்கிக்கொண்டே போனது. பொற்கொடி கற்கண்டைச் சப்பிக்கொண்டே சிங்கத்துக்குப் புகார் எழுதியது. என்ன செய்வது, பசிக்கு வேறு எதுவும் எட்டவில்லை.

புகார் சபைக்கு வந்தது. சிங்கம் அன்றுதான் தேக்கு மரத்தில் இருந்ததைப் படித்தது. மரங்கொத்தி தலையைத் தொங்கப்போட்டது.

"ஒரு எழுத்துதானே? மாத்திரலாமே" என்றது மயில்.

"தாராளமா மாத்துங்க" என்றது உடும்பு. "மாத்தினா அது புது ஒப்பந்தம். புது ஒப்பந்தத்துக்குப் புது டெண்டர். புது டெண்டருக்கு ஒரு வருஷம் ஆகும். அந்தப் புள்ளைக்கு அவ்வளவு நாள் இருக்கா?"

அது பிடித்த பிடி உடும்புப்பிடி. யாராலும் அசைக்க முடியவில்லை. சரி, பெரியநாயகியையாவது கேட்போம் என்று அணில் மெல்ல முனகியது. சால்வை போர்த்திய பிறகு கேட்பது மரபல்ல என்று மயில் சொல்லிவிட்டது. மூன்று நாள் சபை கூடி, கடைசியில் சிங்கம் ஒரு நடுவழி கண்டுபிடித்தது. ஒப்பந்தத்தைத் தொட வேண்டாம். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட மட்டும் சிறப்பு அனுமதி கொடுத்துவிடலாம். உடும்பும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டது. படிவத்தில் 'உறுப்பு' என்ற இடத்தில் மட்டும் ஏற்கெனவே ஒரு சொல் அச்சடித்திருந்தது.

பதினெட்டாம் நாள் அனுமதி வந்து சேர்ந்தது. பொற்கொடி அழுதேவிட்டது, சந்தோஷத்தில். நாரை படிவத்தை இரண்டு முறை படித்தது. பிறகு ஆறு மூங்கில் பத்தைகளை எடுத்து, பொற்கொடியின் கழுத்தைச் சுற்றி வைத்து, மருந்துத் துணியால் இறுக்கிக் கட்ட ஆரம்பித்தது.

"டாக்டர், கால் கீழ இருக்கு!"

"எனக்கும் கண்ணு தெரியும்மா. 'சிகிச்சை: எலும்புக் கட்டு. உறுப்பு: தொண்டை'ன்னு போட்டிருக்கு. கால்ல கட்டினா என் லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க."

"நான் எப்படி நடப்பேன்?"

"நான் பொறந்ததுலேர்ந்து ஒத்தக் கால்லதான் நிக்கிறேன். செத்தா போயிட்டேன்?" என்றது நாரை.

கழுத்தைத் திருப்ப முடியாமல், காலை ஊன்ற முடியாமல் பொற்கொடி புல்வெளியில் கிடந்தது. அப்போதுதான் புலி வந்தது. ஆடுகள் மூன்று நாள் பாடத்தை மறக்காமல் ஓடித் தப்பின. நல்ல மாணவர்கள். வாத்தியாரம்மாதான் மிச்சம். புலி நிதானமாக வந்து, பரம்பரை வழக்கப்படி தொண்டையைப் பார்த்து ஒரே கவ்வாகக் கவ்வியது. மளுக்கென்று ஒரு சத்தம். உடைந்தது மூங்கில் அல்ல, புலியின் இரண்டு கோரைப்பற்கள். தாடையைப் பிடித்துக்கொண்டு அலறியபடி அது பல் வைத்தியரைத் தேடித் தீவைவிட்டே போய்விட்டது.

பொற்கொடி பிழைத்தது. கால் கோணலாகக் கூடியது.

ஊர் திரும்பியதும் பாராட்டு விழா வைத்தார்கள். "தொண்டைக்குக் காப்பு இல்லாமப் போயிருந்தா இந்த மகராசி இன்னைக்கு நம்ம முன்னாடி இருந்திருக்குமா?" என்று உடும்பு கேட்டது. கூட்டம் கைதட்டியது. புள்ளிவிவரமும் படித்தார்கள்: அனுப்பிய தொண்டைகளில் நூற்றுக்கு நூறு தொண்டைகள் நலமாகத் திரும்பியிருந்தன. பிறகு பொற்கொடியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

பொற்கொடி நொண்டி நொண்டி மேடையேறியது. மைக்கைப் பார்த்ததும் அத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரம் பொங்கிவிட்டது.

"ஒடஞ்சது காலுய்யா!" என்று கத்தியது. "காலு! ஒருத்தர்கூடவா குனிஞ்சு பாக்கலை? நான் ஓடுனா காத்து பின்னாடி வரும். இன்னைக்கு நத்தை என்னை முந்திட்டுப் போயி, நின்னு, 'மெதுவா வாக்கா'ங்குது. என் ஓட்டத்தை யாரு தருவீங்க? சொல்லுங்க, யாரு தருவீங்க?"

அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. சிங்கத்துக்கும் கண் கலங்கியது. அது மெல்ல மயிலின் பக்கம் சாய்ந்தது.

"என்ன குரல்யா!" என்றது. "கடைசி வரிசை எருமைக்குக்கூடக் கேட்டுச்சு பாத்தியா? மூணு மூட்டை கற்கண்டு வீண் போகலை."

அந்த மேடையிலேயே உடும்பின் ஒப்பந்தத்தை இன்னும் பத்து மழைக்காலத்துக்கு நீட்டினார்கள். பொற்கொடி மைக்கைப் பிடித்தபடி அழுதுகொண்டே இருந்தது. அழுகையிலும் சுருதி பிசகவில்லை என்று குயில் எழுத்துமூலமாகச் சான்று கொடுத்தது.

நீதி: கடல் கடந்து தொண்டு செய்யப் போகிறவர்கள் எதையாவது உடைத்துக்கொள்வதாக இருந்தால், தயவுசெய்து தொண்டையை மட்டும் உடைத்துக்கொள்ளவும்.