வெறும் வயிற்றில் ஒரு பெண் பார்க்கும் படலம்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பெண்ணைப் பெற்றவனுக்கு முதலில் கழன்றுபோவது மூளைதான். எனக்குச் செய்தி வந்த நிமிடமே கழன்றுவிட்டது. நான் திருவண்ணாமலையில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். (தலையில் அடித்துக்கொள்ள உங்களுக்கு வசதியாக இருக்கும்.)

செய்தி கொண்டுவந்தவன் என் மனைவி சரோஜாவின் தம்பி.

"பையன் மெட்ராஸ்ல டாக்டர் மாமா. சர்ஜரில மேல்படிப்பு. ஃபாரின்ல ரொம்ப குண்டா இருக்கறவங்களுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணி எடையைக் கம்மி பண்றாங்களாமே? அதுக்கப்புறம் ரத்தத்துல சக்கரை என்னா ஆவுதுன்னு ஆராய்ச்சி பண்றாராம்."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. என் மகள் பத்மா அந்த வருஷத்தில்தான் ஊதியிருந்தாள். எந்நேரமும் வெல்லமும் மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) வாயில். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அப்படியும் விடியுமுன்பே சமையலறையில் டப்பா உருளும். சில நாள் எழுப்பினால் "நீங்க யாரு?" என்பாள். திமிர் என்று நினைத்தேன்.

குண்டர்களை ஒல்லியாக்கும் ஆராய்ச்சிக்காரர் இவளைப் பெண்ணாகவா பார்ப்பார்? நோயாளியாகத்தானே பார்ப்பார்! அதனால் அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானத்தோடு அவள் சாப்பாட்டை நிறுத்தினேன்.

"ஒரே நாள்ல எத்தினி கிலோங்க இறங்கும்?" என்றாள் சரோஜா.

"மூஞ்சியாவது வத்துமில்ல?" என்றேன். (அறிவியல் ஆசிரியர்!)

"அப்பா, படபடன்னு வருதுப்பா. ஒரு துண்டு வெல்லம் குடுங்கப்பா."

"அவங்க போனதும் ஒரு படி தின்னு."

காலையில் வர வேண்டியவர்கள், கீழ்பென்னாத்தூரில் பஸ் பஞ்சராகி உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள். பையன், அவருடைய அப்பா, அம்மா. ஆளுக்கொரு தட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தோம். பத்மா காபியோடு வந்தாள். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

நேரே போனாள். பையனின் அப்பாவுக்கு நீட்ட வேண்டிய காபியைத் தானே மடமடவென்று குடித்தாள். "யோவ், நவுரு" என்று அவரைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்த கேசரியை அள்ளி வாயில் போட்டாள்.

"பத்மா!" என்று அலறினேன்.

அவள் என்னை வழிப்போக்கனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "யாருய்யா இந்த ஆளு, சும்மா கத்திக்கினே கீறாரு?"

அடுத்து பையனின் அம்மாவுடைய தட்டும் போயிற்று. அந்த அம்மாள் திறந்த வாயை மூடவில்லை. சரோஜா சுவரில் சாய்ந்து அழுதாள். அப்போது பையன் தன் தட்டையும் பத்மா பக்கம் நகர்த்தினார். ஐயோ, கேலி வேறு செய்கிறாரே என்று கூசிப்போனேன்.

மூன்றாவது தட்டும் காலியாகிக் கொஞ்ச நேரம் போனது. பத்மா கண்களைச் சிமிட்டினாள். எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, எல்லோருக்கும் கைகூப்பினாள்.

"வாங்க, எப்ப வந்தீங்க? காபி சாப்ட்டீங்களா?"

பையன் என் பக்கம் திரும்பினார்.

"சார், இவங்க கடைசியா எப்ப சாப்ட்டாங்க?"

"நேத்து... மத்தியானம்."

"காலைல எழுப்பினாலும் இப்படித்தான் பேசுவாங்களா? சாப்ட்டா சரியாயிடுமா?"

"ஆமாங்க. கொஞ்சம் திமிரு."

"திமிரு இல்ல சார். ரத்தத்துல சக்கரை விழுந்துடுது. நாளைக்கே மெட்ராஸ் கூட்டிட்டு வாங்க. வழியெல்லாம் சாப்பிடக் குடுத்துக்கிட்டே வாங்க. இனிமே பட்டினி போட்டீங்கன்னா, ஒரு நாள் எழுந்திரிக்கவே மாட்டாங்க."

மறுநாள் மடியில் வெல்ல டப்பாவோடு பஸ் ஏறினேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர்களே பக்கத்தில் இருந்து அவளை வெறும் வயிற்றில் வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கணையத்தில் மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு ஒரு கட்டி. மிக அபூர்வம், ஆனால் புற்று இல்லை என்றார்கள். அது சர்க்கரையை இறக்கும் இன்சுலினை நேரங்காலம் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பிள்ளை தின்று தின்றுதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். அந்த எடை அப்படி வந்தது. அதைத்தான் நான் குறைக்கப் பார்த்தேன்!

கட்டியை எடுத்த அன்று பெரிய டாக்டருக்கு எதிரில் நின்று, வெட்டிய வயிற்றை விரித்துப் பிடித்திருந்தவர் இந்தப் பையன்தானாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பையனின் அப்பா வந்தார்.

"சார், தேதி பாத்துடலாமா?"

"ஐயோ, இன்னொரு ஆபரேஷனாங்க?" கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கல்யாணத்துக்கு சார்!"

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் பத்மா இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. "ஊர்ல எல்லாரும் பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டுதான் சரின்னுவாங்க. இவரு ஒருத்தருதான் வயித்தைத் தொறந்து உள்ள வரைக்கும் பாத்துட்டு சரின்னவரு" என்பாள். மாப்பிள்ளை உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் எழுந்து போய், அவளுக்குச் சாப்பிட ஏதாவது எடுத்து வருவேன்.