ஒரு பாக்ஸ், இரண்டு வீடு

எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ வாங்கியவனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டால், மாமனார் வீட்டு ஒயர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. நானே சாட்சி.

எடப்பாடியில் என் மாமனார் வீடும் அவருடைய அண்ணனான பெரிய மாமாவின் வீடும் ஒட்டினாற்போல் இருக்கும். ஒரே கேபிள் ஒயரை இரண்டாகப் பிரித்து, அவரவருக்குப் பிடித்த சேனலை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான், இனி செட்டாப் பாக்ஸ் இல்லாமல் படம் தெரியாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

"ஒவ்வொரு டிவிக்கும் ஒண்ணு வேணுமாமுங்க மாப்ள" என்றார் மாமா.

"எதுக்குங்க மாமா ரெண்டு? ஒண்ணு போதும். நான் பாத்துக்கறேன்." (பார்த்துக்கொண்டேன்.)

பாக்ஸை மாமா வீட்டில் வைத்து, அதிலிருந்து ஒரு ஒயரை அண்ணன் வீட்டுக்கு இழுத்தேன். படம் பளிச்சென்று வந்தது. இங்கே மாற்றும் சேனல்தான் அங்கேயும் வரும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதையும் 'குடும்ப ஒற்றுமை' என்று சமாளித்தேன்.

அடுத்த வாரமே பெரிய மாமாவின் மகள் சுமதியைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வந்தார்கள். "பக்திப் பாட்டு வெச்சுடுங்க மாப்ள, மங்களகரமா இருக்கும்" என்றார் பெரிய மாமா. வைத்தேன். ரிமோட்டை மாமா வீட்டிலேயே போட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு என் படிப்பின் பெருமையை எடுத்துச் சொல்லப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

சுமதி காபித் தட்டோடு வந்தாள். மாமா வீட்டில் அத்தைக்கோ சீரியல் நேரம்.

பாட்டு நின்றது. மாலை போட்ட பிணம் ஒன்று திரை முழுக்கப் படுத்திருக்க, பத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சுவிட்ச், மாப்பிள்ளையின் அப்பா சாய்ந்திருந்த சோபாவுக்குப் பின்னால். சம்பந்தி ஆகப்போகிறவரை எழுந்திருக்கச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

"ஏனுங்க, நல்ல காரியத்தப்ப இப்பிடீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நான் ஜன்னல் வழியாக, "அத்தை, சேனல மாத்துங்க!" என்று கத்தினேன்.

"இருங்க மாப்ள, பொணத்த எடுக்கற வரைக்கும் பாத்துட்டு மாத்தறேன்!"

காபி ஆறுவதற்குள் அவர்களுடைய கார் கிளம்பிவிட்டது. சுமதியின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே பெரிய மாமா தனிப் பாக்ஸுக்குச் சொல்லிவிட்டார். மாட்ட வந்த இளம் கேபிள்காரர் என் ஒயர் வேலையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தண்ணீர் கொண்டுவந்த சுமதியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆறு மாதத்தில் இருவருக்கும் கல்யாணம்.

இன்றும் அந்த வீட்டு விசேஷத்துக்கு நான் போனால், முதலில் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எனக்குக் காபி. சகலை மட்டும் என் தோளில் கைபோட்டு, வந்தவர்களிடமெல்லாம் சொல்வார்:

"எனக்குப் பொண்ணு அமைச்சுக் குடுத்த எஞ்சினியரு இவருதாங்க."