இரண்டே முக்காலுக்குச் சாய்ந்த பொழுது

"சாப்புடுடா! இன்னும் கால் மணி நேரம்தான் இருக்குது. பொழுது சாயப் போவுது!"

பார்சுவநாதன் உப்புமாத் தட்டை மகனுடைய மடிக்கணினியின் மேலேயே வைத்துவிடுவார் போலிருந்தது. ஸ்ரேயாம்ஸ் இரண்டு கைகளாலும் தடுத்தான். மத்தியானம் சாப்பிட்ட கத்திரிக்காய்க் குழம்பே இன்னும் வயிற்றுக்குள் முழுதாக இறங்கவில்லை.

"நைனா, மணி ரெண்டரைதான் ஆவுது. இப்பதான சாப்ட்டேன்?"

"அது மத்தியானச் சாப்பாடு. இது ராத்திரிச் சாப்பாடு."

"ரெண்டரை மணிக்கா? யார் சொன்னது?"

"உங்கம்மா போன் சொல்லுது. ரெண்டு நாப்பத்தெட்டுக்கு அஸ்தமனமாம்."

பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். ஜைனக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். மற்ற நாட்களில் இதில் ஒரு சிரமமும் இல்லை, மேற்கே பார்த்தால் போதும். ஆனால் இந்த மார்கழி மழையில் சூரியன் தலைகாட்டிப் பல நாளாகிவிட்டது. ராஜகிரிக் கோட்டை மலையே மேகத்துக்குள் காணாமல் போயிருந்தது. பகலிலேயே வீட்டில் லைட் எரிந்தது.

அம்மா ஜெயந்தியைக் கேட்கலாம் என்றால், அவள் காலையிலேயே தொண்டூரில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சார்ஜில் போட்ட போனை மறந்துவிட்டாள். பார்சுவநாதனிடம் இருப்பதோ பட்டன் போன். எனவே மனைவியின் போனில் தெரிந்த நேரத்தை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

"நைனா, மார்கழியிலகூட அஞ்சரைக்கு மேலதான் இருட்டும்."

"நீ சூரியனைப் பாத்தியா? எப்ப எழுந்தான், எப்ப வுழுந்தான்னு உனக்குத் தெரியுமா? போனுக்குத் தெரியும்டா. நீ படிச்ச படிப்பு வேற இன்னாத்துக்கு?"

ஸ்ரேயாம்ஸ் மறுபடி திரையைப் பார்த்தான். அவனுக்கு ஐந்து மணிக்குக் கூட்டம் இருந்தது. ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் நிறுவனத்தில் அவன் புதிய ஆள். செஞ்சியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது இப்போதைக்குத் தற்காலிக ஏற்பாடு. முதல் பரிசோதனையை உருப்படியாக முடித்தால் அது நிரந்தரமாகும். சொதப்பினால் பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த முதல் பரிசோதனை ஒரு வி.பி.என். மென்பொருள். செஞ்சியில் உட்கார்ந்திருப்பவனை வேறொரு நாட்டில் இருப்பவனாக இணையத்துக்குக் காட்டும். அவன் அனுப்புவதையெல்லாம் வழியில் யாரும் எட்டிப் பார்க்காதபடி மூடிய குழாய்க்குள் கொண்டுபோகும். இதை இயங்குதளத்தோடு அதிகாரப்பூர்வமாகச் சேர்த்துக்கொள்வதென்றால், பின்னால் வரும் ஓட்டை ஒடிசல்களையெல்லாம் பல வருடங்களுக்கு நிறுவனமே அடைப்பதாக வாக்குக் கொடுப்பதற்குச் சமம். வேலியில் போகிற ஓணானை வேட்டியில் விட்டுக்கொள்வதற்கு முன், அது கடிக்குமா என்று ஒருவன் பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்ரேயாம்ஸ் வாரக்கணக்கில் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டான். நல்ல மென்பொருள். அறிக்கையின் கடைசியில் 'ஏற்கலாம்' என்றும் எழுதிவிட்டான். தன் கணினியில் அதை நிறுவி இன்று முழுக்க ஓட்டிப் பார்ப்பது மட்டுமே பாக்கி; காலையிலேயே ஓடவிட்டிருந்தான்.

"இந்தா, நீயே பாரு" என்று பார்சுவநாதன் போனை மகன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அஸ்தமனம் 2:48. அதற்குக் கீழே, அப்பாவின் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் ஊர்ப்பெயர்: ஸ்டாக்ஹோம்.

ஸ்ரேயாம்ஸ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். காலையிலிருந்து அவன் கணினி ஸ்டாக்ஹோமில் இருப்பதாகத்தான் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது!

ஆனால் அது கணினி மட்டும் போகவேண்டிய குழாய். அடுப்படியில் சும்மா கிடந்த அம்மாவின் போன் எப்படி அதற்குள் புகுந்தது? அப்படியென்றால் இந்த மென்பொருள் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது. யார் கண்ணிலும் படாத மாபெரும் ஓட்டை! அவன் பயந்திருக்க வேண்டும். அவனுக்கு வந்ததோ தலைகால் புரியாத சந்தோஷம். முதல் பரிசோதனையிலேயே இப்படி ஒன்று சிக்குவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"நைனா! நீங்க இன்னா கண்டுபுடிச்சிருக்கீங்கன்னு தெரியுமா?"

"தெரியும். அதான் தெருவுல நம்ம ஆளுங்க நாலு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். எல்லாரும் இந்நேரம் சாப்பிட உக்காந்திருப்பாங்க."

ஸ்ரேயாம்ஸ் முதலில் வி.பி.என்னை நிறுத்தினான். போனைப் பார்த்தான். ஸ்டாக்ஹோம். போனை அணைத்துப் போட்டான். மறுபடியும் ஸ்டாக்ஹோம்.

"நிறுத்தின பின்னாடியும் வுடமாட்டேங்குது!" என்று கத்தினான்.

"அதான் சொல்றேன், சாப்புடுன்னு."

அவன் ஓடிப்போய் மோடத்தின் நெட் ஒயரைப் பிடுங்கினான். அப்போதும் ஸ்டாக்ஹோம். மோடத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டது போலும் என்று நினைத்து, அதன் முதுகில் இருந்த சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு அழுத்தினான். மோடம் தன் நினைவையெல்லாம் இழந்து புதுப் பிறவி எடுத்தது. கம்பெனிக்காரன் வந்து அமைத்தால்தான் இனி அந்த வீட்டில் நெட். போனில் மட்டும் ஸ்டாக்ஹோம் அசையவில்லை.

கீழே கடையில் இ-சேவை மையம் நடத்தும் வெற்றிவேல் மூச்சிரைக்க மேலே வந்தான். அவனுக்கும் இதே இணைப்புதான்.

"அண்ணா, நெட்டு பூட்ச்சு! பட்டா காப்பிக்கு ஜனம் நிக்குது!"

"கம்ப்யூட்டரை உடனே ஆஃப் பண்ணு வெற்றி. நீயும் இப்ப ஸ்வீடன்ல இருந்தாலும் இருப்ப."

"ஸ்வீடன்லியா? அங்க போயி வல்லம் ஊரு பட்டாவ எப்பிடிண்ணா எடுக்கிறது?"

"கடையச் சாத்துடா, சொல்றேன்!"

வெற்றிவேல் ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்வீடன்காரன் கையில் பட்டா போய்விட்டதாக வெளியே நின்றவர்களிடம் சொல்லிவைத்தான். வாசலில் கூச்சல் எழுந்தது.

மோடமும் இல்லாமல் போன் எப்படி ஸ்டாக்ஹோமில் இருக்கிறது? சிம் வழியாக! அப்படியானால் ஓட்டை சிம் வரைக்கும் போயிருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஸ்ரேயாம்ஸ் அரளவில்லை, ஆனந்தத்தில் இருந்தான், அதனால் பேய் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சிம்மைக் கழற்றினான். போதாதென்று எந்தச் சிக்னலும் எட்டாதபடி போனை எவர்சில்வர் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடினான். கொஞ்சநேரம் கழித்துத் திறந்து பார்த்தான். சர்க்கரை ஒட்டிய திரையில் ஸ்டாக்ஹோம் பளபளத்தது.

ஆதாரம் இன்னும் உறுதியாக வேண்டும். அக்கா சுதர்சனா அந்த ஊரில்தான் வேலை பார்க்கிறாள். சோதனைக்கு ஸ்டாக்ஹோமை அவன் எடுத்துக்கொண்டதே அக்கா இருக்கிற ஊர் என்ற பாசத்தில்தான். தன் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இன்னிக்கு உங்க ஊர்ல பொழுது எப்ப சாயுது?"

"இன்னாடா, நீயும் அம்மா மாதிரி ஆரம்பிச்சிட்டியா? இரு... ரெண்டு நாப்பத்தெட்டு. ஏன்?"

"நிமிசம்கூட மாறல! அக்கா, உன் தம்பி பேரு உலகம் பூரா தெரியப் போவுது!"

"டேய், இன்னா ஆச்சு? நைனா எங்க?"

அவன் அதற்குள் வைத்துவிட்டான். அறிக்கையைத் திறந்து 'ஏற்கலாம்' என்பதை அழித்தான். 'ஏற்கவே கூடாது; உலகமெங்கும் இதை வைத்திருப்பவர்கள் உடனே நீக்க வேண்டும்' என்று எழுதினான்.

இதற்கிடையில் மழை விட்டது. மேகம் விலகி, ஜன்னலில் சுள்ளென்று வெயில் அடித்தது. பார்சுவநாதன் தெருவில் எட்டிப் பார்த்துவிட்டு வெலவெலத்துப்போய் வந்தார்.

"டேய், பொழுது மறுபடி எழுந்திருச்சிடுச்சி! நாலு வீட்டுக்காரனும் வாசல்ல நின்னு என்னைத் தேடறான். ஒருத்தன் ரெண்டாவது தபா சோறு உண்ணலாமா கூடாதான்னு கேக்கறான். இன்னா சொல்றது?"

"நம்மள ஏமாத்தினது அந்த மென்பொருள்னு சொல்லுங்க. நாளைக்குப் பேப்பர்ல வரும்."

வீட்டில் நெட் இல்லாததால் கூட்டத்துக்குத் தன் போனின் ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வீடியோவுக்குத் தாங்குகிற சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். மடிக்கணினியோடு அவன் மாடிக்கு ஓடினான். மறுபடி தூறல் போட, பார்சுவநாதன் பின்னாலேயே குடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகன் நனைந்தாலும் பரவாயில்லை, கணினி நனையக்கூடாது என்று குடையைச் சரியாகப் பிடித்தார்.

திரையில் ஏழெட்டு முகங்கள். ஒருவர் ஜெர்மனி, ஒருவர் பிரேசில், இன்னொருவர் எந்த நாடோ. குழுத் தலைவி மணிமொழி சென்னையில் இருந்தார்.

ஸ்ரேயாம்ஸ் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னான். நிறுத்தினாலும் விடவில்லை, மோடத்தைப் பிடுங்கினாலும் விடவில்லை, சிம்மைக் கழற்றினாலும் விடவில்லை என்றான். எல்லா முகங்களும் வெளிறின. பிரேசில்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மணிமொழி தமிழுக்கு மாறினார். "ஸ்ரேயாம்ஸ், இது சாதாரண விஷயம் இல்ல. லட்சக்கணக்கான பேர் இதை யூஸ் பண்றாங்க. இதை எழுதினவங்க எல்லாம் வாலண்டியர்ஸ், அவங்க பேரே போயிடும். நீங்க நிச்சயமா சொல்றீங்களா?"

"நிச்சயமா மேடம். எங்கம்மா போனே சாட்சி."

"அப்ப பப்ளிக்கா அறிவிச்சிடலாமா?"

ஸ்ரேயாம்ஸ் மனக்கணக்குப் போட்டான். பெங்களூர்ப் பயம் தொலைந்தது, செஞ்சி நிரந்தரம், முதல் பரிசோதனையிலேயே உலகப் புகழ். இந்த நிமிடத்தை வாழ்நாள் முழுக்க மறக்கப் போவதில்லை என்று நினைத்தான்.

"அறிவிச்சிடுங்க மேடம்!"

மணிமொழி ஒரு பட்டனைத் தட்டினார். "அனுப்பியாச்சு. வெல் டன், ஸ்ரேயாம்ஸ்!"

எல்லா முகங்களும் கைதட்டின. குடையை விட முடியாததால் பார்சுவநாதன் தொடையில் தட்டிக்கொண்டார்.

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. கையில் வளைகாப்பு வளையல்களும் தோளில் நனைந்த பையுமாக ஜெயந்தி மேலே வந்தாள். இன்னொரு கையில் சர்க்கரை டப்பா.

"வாசல்ல இன்னா அவ்ளோ கூட்டம்? ஆமா, என் போனை யாரு சக்கரைக்குள்ள பொதைச்சது?"

"அம்மா, அதத் தொடாத! அது ஸ்டாக்ஹோமுக்குப் போயிடுச்சு. இன்னா பண்ணாலும் திரும்ப மாட்டேங்குது" என்றான் ஸ்ரேயாம்ஸ். கணினியில் மைக் திறந்தே இருந்தது. தமிழ் தெரிந்த மணிமொழி சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயந்தி முந்தானையால் திரையிலிருந்த சர்க்கரையைத் துடைத்தாள்.

"எப்படிடா திரும்பும்? உங்கக்கா இருட்றதுக்குள்ள சாப்ட்டாளான்னு போன் பண்ணிக் கேக்க, அவ ஊரு பொழுத நான்தான ரெண்டு வருசமா இதுல வெச்சிருக்கேன்!"